சுகிர்தத்தின் கையைப் பிடித்திருந்தவள்

என் மூத்த பேத்தி ரூத் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறி, தண்டில், அதாவது கன்டோன்மென்ட் பக்கம், ஒரு பெரிய ஆபீசில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். அவள் தம்பி டேவிட் எஸ்.எஸ்.எல்.சி.யில் அவன் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தான். கணக்கில் அவனுக்கு மேல் ஒருவரும் இல்லை. இரண்டாவது மகளின் பையன் டெலிபோன் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். அவனுக்கு நூறு கஜம் ஓட்டத்தில் கிடைத்த கோப்பையை ஷோகேஸில் வைத்திருக்கிறோம். கடைசி மகளின் பெண்ணுக்கு ஆறு வயதுதான் ஆகிறது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் பைபிளிலிருந்து ஒரு முழு சங்கீதத்தைத் தாளைப் பார்க்காமல் சொன்னாள், நடுவில் ஒருமுறைகூட எச்சில் விழுங்கவில்லை.

இவ்வளவையும் ஒரு இன்லேண்ட் லெட்டரில் நெருக்கி நெருக்கி எழுதி, அதன் ஓரத்துப் பசையை நாக்கால் நனைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சுகிர்தத்தின் கொழுந்தன் எங்கள் வாசலில் சைக்கிளைச் சாய்த்தான்.

"அக்கா, அண்ணி காலைல போயிட்டாங்க," என்றான்.

"எங்கேப்பா?" என்று கேட்டேன்.

அவன் சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் லெட்டரை ஒட்டி முடித்தேன். ஏன் ஒட்டினேன் என்று தெரியவில்லை. அதன் மேல் அவள் விலாசம்தான் எழுதியிருந்தது.

ஆஸ்டின் டவுனிலிருந்து அல்சூருக்கு நடந்தே போய்விடலாம். அப்படியிருக்க லெட்டர் எதற்கு என்று என் மகள்கள் கேலி செய்வார்கள். நேரில் போய்ச் சொன்னால் சுகிர்தம் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிடுவாள், அதோடு என் பெருமை பாதியாகிவிடும். லெட்டர் என்றால் கடைசி வரி வரைக்கும் அவள் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். அதை அவள் படிக்காமல் போய்விட்டாள். நீங்களாவது படியுங்கள் என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

சர்ச்சில் அச்சடிக்கும் சபை மலருக்கு அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று போதகர் ஐயர் என்னிடம் கேட்டார். பாடகர் குழுவில் அவளோடு முப்பது வருஷம் ஒரே வரிசையில் நின்றவள் நான்தான் என்றார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். எழுத்தில் பிழை இருந்தால் ஐயர் திருத்தட்டும், விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சுகிர்தமும் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. அங்கே சுவரில் டோ, ரே, மீ என்று ஏணிபோல எழுதிய ஒரு துணி தொங்கும். டீச்சரம்மா குச்சியால் ஒவ்வொரு படியாகத் தொட, நாங்கள் அந்த சுரத்தைப் பாட வேண்டும். பெரிய பிள்ளைகள் நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு நாள், பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். டீச்சரம்மா குச்சியை எங்கெங்கோ தாவவிட்டார். அந்தப் பெண் ஒரு படிகூடத் தவறவில்லை. பாடும்போது அவளுடைய இரண்டு கையும் தானாக மேலே எழும்பின. "கை எதுக்குடி ஏறுது?" என்று டீச்சரம்மா கேட்டார். "எனக்குச் சொல்லாமயே போவுது டீச்சர்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இது. என் வயதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, நாலு குழந்தைகள் பிறந்தன. அவளுக்கும் கல்யாணம் ஆனது, குழந்தை இல்லை. பதினைந்து வருஷம் இல்லை. அவை எனக்கு நல்ல வருஷங்கள். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் ஐயர் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் குரலைக் கேட்டுச் சபையே தலையாட்டும். வெளியே வந்ததும் என் கடைசிக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்பேன். எனக்கும் அவளுக்கும் சரியாகிவிட்டது என்று தோன்றும். அவள் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்வாள். எத்தனை நேரம் வைத்திருக்கிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் இருக்கும். நம் பாடகர் குழுவை நடத்திய ஞானமுத்து சார் ஒரு வெள்ளைக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். யுத்தத்தின்போது சொந்த நாட்டைவிட்டு ஓடி வந்து, தண்டில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். ஹெல்மர் துரை என்று கூப்பிட்டோம். ஒரு பெரிய வாத்தியக் குழுவைச் சேர்த்திருந்தார். மைசூரிலிருந்து ஊதுகுழல்காரர்கள், இங்கே பட்டாளத்து பேண்டில் இருந்தவர்கள், பிடில் வாசிக்கும் ஆங்கிலோ இந்தியர்கள் என்று அறுபது பேர். அவர்களுக்குப் பின்னால் நின்று பாட நாற்பது பெண்கள் வேண்டுமாம். எல்லாவற்றையும் கிராமபோன் தட்டில் பிடிக்கப் போகிறார்களாம். தண்டிலுள்ள சபைகளிலெல்லாம் குரல் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

அதுவரை நாங்கள் பாடியதெல்லாம், எழுதியவர் செத்து நூறு வருஷம் ஆன பாட்டுகள். இது உயிரோடிருக்கும் ஒருவர் புதிதாக எழுதியது. வார்த்தை லத்தீன். ஞானமுத்து சார் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார், பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்தோம். சங்கடம் ராகத்தில்தான். எங்களுக்கு டோ எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அதிலிருந்து ஏணி பிடித்து ஏறிவிடுவோம். "இதுல டோ எங்கே சார்?" என்று நான் கேட்டேன். சார் துரையிடம் கேட்டார். துரை கையை விரித்தார். "டோ கிடையாதாம்," என்றார் சார். முதல் ஒத்திகையில் எல்லாரும் சேர்ந்து பாடியபோது, இரண்டு ஆர்மோனியம் மாடிப்படியில் உருண்டு விழுந்த மாதிரி இருந்தது. பாதிப்பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சுகிர்தம் மட்டும் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, "பக்கத்து வீட்டு அடுப்புப் புகை மாதிரிதான்க்கா இது," என்றாள். "கண்ணு எரியும். ஆனா எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரிஞ்சுட்டா உக்காரலாம்." அவள் இப்படித்தான் பேசுவாள். நான் நாலு நாள் யோசித்தாலும் எனக்கு அப்படி ஒன்று வராது.

அந்தப் பாட்டின் நடுவில் ஒரு இடம் உண்டு. எல்லாரும் ஓய்ந்துவிட, ஒரே ஒரு பெண்குரல் மட்டும் பாட வேண்டும். ஒரு நிமிஷம்கூட வராது. அதற்கு எங்கள் குழுவிலிருந்து என்னையும் அவளையும் தனித்தனியாகப் பாடச் சொன்னார் துரை. பியானோவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஞானமுத்து சாரிடம் ஏதோ சொன்னார். சார் எங்களைப் பார்த்து, "தவமணி குரல் பெரிசா இருக்காம். சுகிர்தத்துக்கு எங்க நிறுத்தணும்னு தெரியுதாம். சுகிர்தம் பாடட்டும்ங்கறார்," என்றார்.

"என் குரல் பெரிசுன்னுதானே சார் சொன்னார்?" என்று மறுபடி கேட்டேன்.

"ஆமாம்மா, பெரிசுன்னுதான் சொன்னார்."

அந்த ஒரு வார்த்தையை வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். மிச்சத்தை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஒத்திகை நடந்திருக்கும். ஒரு நாள் அவள் பாதியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். குனிந்து என்ன என்று கேட்டேன். "அக்கா, நாலு மாசம்," என்றாள். தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றேன். வாய் சொன்னது. உள்ளே இன்னொருத்தி உட்கார்ந்துகொண்டு, உன்னிடம் இருந்த ஒன்றும் போயிற்றா என்று கேட்டாள். அப்போது என் பெரிய மகளுக்கு ரூத் பிறந்திருந்தாள். நான் பாட்டியாகிவிட்டேன். அதையும் மறந்து, முப்பத்தேழு வயதில் முதல் பிள்ளை உண்டானவளைப் பார்த்து வயிறெரிந்தேன்.

விஷயம் தெரிந்ததும் துரை என்னையும் அந்தத் தனிப் பாட்டைப் படித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அவளால் முடியாமல் போனால் நான் பாட வேண்டும். நான் அடுப்படியில் படித்தேன், குழாயடியில் படித்தேன். அவள் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்றும் ஜெபம் பண்ணினேன். இரண்டையும் உண்மையாகத்தான் செய்தேன்.

ஏழாம் மாதம் அவளுக்கு வளைகாப்பு. நம் சபையில் இதற்கு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, ஆனால் அன்றைக்கிருந்த ஐயர் வந்து ஜெபித்துத்தான் ஆரம்பித்து வைத்தார். பிள்ளை பெற்றவள் கையால் முதல் ஜோடி ஏற வேண்டும் என்று அவள் மாமியார் என்னைத்தான் கூப்பிட்டார். பச்சைக் கண்ணாடி வளையல். சுகிர்தத்தின் கை வீங்கியிருந்தது. சோப்பு தடவி ஏற்றினேன். அதற்கப்புறம் மற்றவர்கள் போட்டது சிவப்பும் மஞ்சளுமாக முழங்கை வரைக்கும் வந்தது. பிரசவம் ஆகும் வரை அதைக் கழற்றக் கூடாது. இது நம்மில் எல்லாருக்கும் தெரியும். ஹெல்மர் துரைக்குத் தெரியாது.

ரெக்கார்ட் எடுக்கக் கல்கத்தாவிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தண்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டார்கள். மிஷின் பக்கத்து வகுப்பறையில் இருந்தது. கனமான ஒரு தட்டு சுற்றும், ஊசி அதில் கோடு கீறிக்கொண்டே போகும். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம். நடுவில் ஒருவர் இருமினால் அந்தத் தட்டு வீண், வேறு தட்டு போட்டு முதலிலிருந்து வர வேண்டும். அதனால் செருப்புக் கூடாது, கஞ்சி போட்ட புடவை கூடாது, கைக்கடிகாரம் கூடாது. வளையல் கூடவே கூடாது என்றார் துரை. நாங்கள் எல்லாரும் கழற்றி டிபன் காரியர் மூடிகளில் போட்டோம். சுகிர்தம் மட்டும் கழற்றவில்லை.

அவள் மாமியார் துணைக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே எழுந்து வந்தார்.

"எந்தத் துரை வேணா சொல்லட்டும். பதினஞ்சு வருஷம் கழிச்சு ஏறின வளையல். பிரசவம் ஆகாம எறங்காது."

"அம்மா, ரெண்டு மணி நேரம்தான்," என்றார் ஞானமுத்து சார். "முடிஞ்சதும் நம்ம பொண்ணுங்களே திரும்பப் போட்டு விட்டுடுவாங்க."

"உங்க வீட்டம்மா கைல இருந்து ஒருக்கா கழட்டிட்டு, அப்புறம் வந்து என்கிட்ட சொல்லுங்க சார்."

அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். சார், முடியாதென்கிறார் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

வளையல்களின் மேல் துண்டைச் சுற்றிப் பார்த்தோம். இறுக்கினால் அவளுக்கு விரல் மரத்துப் போனது, தளர்த்தினால் உள்ளே கலகலவென்றது. போதாததற்கு அவளுடைய அந்தப் பழக்கம், பாடினால் கை மேலே போகும். கடைசியில் துரை, பக்கத்தில் நின்ற என் இரண்டு கையையும் எடுத்து அவளுடைய மணிக்கட்டுகளின் மேல் வைத்தார். வளையல்களை ஒன்றோடொன்று சேர்த்து, கையை அசையவிடாமல் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவள் நான்தானே.

"அக்கா, கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றாள் சுகிர்தம்.

"பிடிக்கிறேன்டி. நீ பாட்டைப் பாரு."

அந்தப் பக்கத்துக்கென்று அவர்கள் மூன்று தட்டு ஒதுக்கியிருந்தார்கள். முதல் தட்டு ஊதுகுழல்காரர் ஒருவர் தும்மியதில் போனது. துரை எங்கள் இருவரிடமும் வந்தார். இரண்டாவது தட்டில் சுகிர்தத்துக்கு மூச்சு முட்டினாலோ வளையல் சத்தம் விழுந்தாலோ, அவளை உட்கார வைத்துவிட்டு மூன்றாவதில் தவமணி பாடட்டும் என்றார். சார் அதைத் தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்திலேயே புரிந்துகொண்டிருந்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அறுபது வாத்தியமும் புயல்போல எழும்பிப் பிறகு ஒவ்வொன்றாக அடங்கின. பெரிய பிடில் ஒன்று மட்டும் அடியில் இழுத்துக்கொண்டிருந்தது. சுகிர்தம் பாட ஆரம்பித்தாள்.

நான் அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படிப் பாடிக் கேட்டதில்லை. டோ இல்லாத பாட்டில் எங்கே கால் வைப்பாளோ என்று நாங்கள் பயந்த இடத்திலெல்லாம் அவள் நிதானமாக நின்று, நின்றபின்தான் நகர்ந்தாள். அவள் நாடி என் விரலில் அடித்தது. அவள் கை மேலே போகப் பார்த்தது, நான் அழுத்திப் பிடித்திருந்தேன். முன்வரிசைப் பிடில்காரர் ஒருவர் வில்லை மடியில் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவர் பார்த்தது அவளை மட்டும்தான். நான் அவள் கையை ஒட்டிக்கொண்டிருந்தேன், இருந்தும் என்னை அவர் பார்க்கவில்லை.

கடைசி சுரம் வந்தது. அடியில் இழுத்த பிடிலும் நின்றுவிட்டது. அவள் குரல் மட்டும் மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் போக வேண்டிய இடம். இங்கே ஒரு சத்தம் விழுந்தால் இந்தத் தட்டு போயிற்று, அடுத்தது எனக்கு என்று நினைத்தேன்.

இரண்டு கையையும் விட்டேன்.

அவள் கைகள் எழும்பின. வளையல்கள் ஒரே ஒருமுறை, கிணிங் என்றன. அவள் உடனே கையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சுரத்தை விடவில்லை. அது எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடிந்தது.

விளக்கு அணைந்ததும், "கை வழுக்கிடுச்சு," என்றேன். வழுக்கவில்லை. இருபது வருஷமாக வழுக்கியது என்று சொல்லிவந்தேன். இன்றைக்கு இங்கே மாற்றி எழுதுகிறேன்.

கம்பெனிக்காரர் பக்கத்து அறையிலிருந்து வந்து, கடைசியில் மணி மாதிரி ஒரு சத்தம் விழுந்திருக்கிறது என்றார். எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சுகிர்தம் வயிற்றோடு அணைத்த கையை எடுக்கவில்லை. அவள் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். துரை என் பேரைச் சொன்னார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக நின்றேன், மூச்சைக்கூட இழுத்து வைத்துக்கொண்டேன்.

துரை உடனே ஆரம்பிக்கக் கையைத் தூக்கவில்லை. தன் தாளைப் பார்த்தார். சுகிர்தம் பாடிய முடிவை வாய்க்குள் முனகிக்கொண்டே, அந்த இடம் வந்ததும் தாள் வைக்கும் இரும்பு ஸ்டாண்டை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி ஒருமுறை முனகித் தட்டினார். பிறகு கம்பெனிக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

ஞானமுத்து சாருக்கே நம்ப முடியவில்லை. "பாட்டு எழுதினவர் இதை எழுத மறந்துட்டாராம். தட்டு அப்படியே இருக்கட்டும்ங்கறார்," என்றார்.

நான் இழுத்து வைத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். மூன்றாவது தட்டை வேறு ஏதோ பாகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் நானும் பாடியிருக்கிறேன், நாற்பது பேரில் ஒருத்தியாக. என் குரல் எது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய குரலுக்கு வந்த கதி அது.

தட்டுகள் வந்து சேர்வதற்குள் சுகிர்தத்துக்குப் பியூலா பிறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. ஞானமுத்து சார் வீட்டில் கிராமபோனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். சுகிர்தத்தின் குரல் வந்தபோது அவள் தலை குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கிணிங் என்றது. எல்லாரும் சிரித்தார்கள். "அது பியூலாவோட வளையல்," என்றார் சார். சுகிர்தம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இல்லே சார், அது தவமணி அக்காவோட பாகம்," என்றாள். முதல் ஜோடி நான் போட்டதைச் சொல்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு வாயில் இருந்த காபி கசந்தது.

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போன வருஷம்தான் எடுத்தாள். அல்சூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்க்காக இருவரும் டின்னோடு வரிசையில் நின்றிருந்தோம். நான் டேவிட்டின் அரைப்பரீட்சை மார்க்கைப் பாடம்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். விலை கேட்பதுபோல, சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு உன் கை வழுக்கலை, இல்ல?"

எனக்கு டேவிட்டின் மார்க்கெல்லாம் மறந்துபோனது. "எப்பத்திலேர்ந்துடி தெரியும்?" என்றேன்.

"அப்பவே. வழுக்கினா ஒரு கை முன்னாடி போவும், ஒரு கை பின்னாடி போவும். நீ ரெண்டையும் ஒண்ணா விட்டே."

"அப்பவே ஏன் கேக்கலே?"

"கேட்டா நீ அழுவே. நீ அழுதா என் கோவம் போயிடும். கொஞ்ச நாள் வெச்சிருக்கலாம்னு பாத்தேன்."

"எவ்ளோ நாள் வெச்சிருந்தே?"

"உனக்கு மூணாவது பேரப்பிள்ளை பொறக்கற வரைக்கும். அப்புறம் கோவம் போயி எரிச்சல் வந்துடுச்சு. எனக்கு ஒண்ணோட நின்னு போச்சு. உன் வீட்ல தொட்டில் கட்டின கயிறை அவுக்கவே மாட்டேங்கறீங்க. மாசம் ஒரு லெட்டர் வேற. உனக்கு மட்டும்தான் வயிறு எரியும்னு நெனச்சியா?"

"எல்லா லெட்டரையும் படிச்சியா?"

"படிக்காம? ரெண்டு வாட்டி. முதல் வாட்டி எரிச்சலுக்கு. ரெண்டாவது வாட்டி பசங்க பேர் மறந்துடக் கூடாதேன்னு."

பின்னால் நின்றவர், "ஏம்மா, பேசினது போதும், டின்னை நகத்துங்க," என்றார். சுகிர்தம் காலால் இரண்டு டின்னையும் முன்னால் தள்ளினாள். என்னுடையதை முதலில் தள்ளினாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வரிசையில் ஜனம் நின்றது, பிறகு ஒரு நாள் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். அவளுக்கு நெஞ்சுவலி அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வரும் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்ததும் பியூலா அந்தத் தட்டைப் போட்டாள். வந்திருந்த நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். தேய்ந்து தேய்ந்து இப்போது மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் அதில். அவள் குரல் வந்ததும் பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் துடைக்கவில்லை. ஒளிக்காமல் எழுதுகிறேன், அப்போதும் எனக்குப் பொறாமைதான். நான் போகும்போது போட்டுக் கேட்க என் குரல் எதில் இருக்கிறது? இப்படி நினைத்துக்கொண்டே கடைசி சுரத்துக்காகக் காத்திருந்தேன். அது மெலிந்தது. கிணிங். உங்களில் பலருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அப்புறம்தான் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

சுகிர்தத்தின் பாட்டு சபைக்கும் அவள் மகளுக்கும் சொந்தம். அதில் எனக்குப் பங்கில்லை. நான் அவளைக் கெடுக்க நினைத்துச் செய்த அந்த ஒற்றைச் சத்தம் மட்டும் என்னுடையது. அவள் பழி தீர்க்காமல், அதை எல்லார் முன்னாலும் என் பாகம் என்று பேர் சொல்லி என்னிடமே கொடுத்தாள். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டின லெட்டரும் பைபிளுக்குள் இருக்கிறது. பிரிக்கவில்லை.

பியூலா, நீ நர்ஸ் படிப்புக்கு வேலூர் திரும்பிவிட்டாய் என்று ஐயர் சொன்னார். இந்த மலர் உனக்கும் வரும். முதல் வருஷப் பரீட்சையில் நீ எத்தனையாவதாக வந்தாய் என்று உன் அம்மா ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை, அடுத்தவர்கள் சொல்லித்தான் தெரியும். என் வீட்டுச் சுவரில் என் பேரப்பிள்ளைகள் படம் வரிசையாக மாட்டியிருக்கிறது. ரூத்துக்கும் டேவிட்டுக்கும் நடுவில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் உன் படம் ரெட்டைப் பின்னல் போட்ட நாளில் எடுத்தது, அது ஆகாது. ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுத்து, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. முகத்தை மட்டும் எடுத்துவிடப் போகிறார்கள். கையும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்.